முந்நூற்றைம்பது கிராம் சோறு

"முட்டைக்கோஸ், நூற்று முப்பத்தெட்டு கிராம். பதினெட்டு கிராம் அதிகம்" என்றது தராசு, செய்தி வாசிக்கிற குரலில்.

கோகிலவாணி ஒரு பிடி அள்ளினாள்.

"நூற்று ஒன்பது கிராம். பதினொரு கிராம் குறைவு."

நாலு இழையைத் திரும்பப் போட்டாள். தராசு யோசித்தது. பிறகு பெரிய மனது பண்ணி, "ஏற்கத்தக்கது" என்றது. இந்த வீட்டில் முப்பத்திரண்டு வருசமாக முட்டைக்கோஸ் பாதி, கால் என்ற கணக்கில்தான் வெந்துகொண்டிருந்தது. கிராம் என்பதெல்லாம் தங்கம் வாங்கும்போது பேசுகிற பேச்சு. இப்போது அவரைக்காய்க்கும் அந்த மரியாதை வந்துவிட்டது.

குளிர்பெட்டிக் கதவில் வாரம் முழுவதற்குமான அட்டவணை ஒட்டியிருந்தது. திங்கள் மதியம் கோஸ், முட்டை. செவ்வாய் பீர்க்கங்காய், பனீர். புதன் வெண்டைக்காய், மீன். காய் எல்லாம் நறுக்கிய பிறகு, வேகவைக்கும் முன் அளக்க வேண்டும். ஒருநாள் முழுவதற்கும் மாவுச்சத்து ஐம்பது கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கோகிலவாணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரத்துக்கான கட்டங்களை நிரப்புவாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் இவ்வளவு வீட்டுப்பாடம் எழுதியதில்லை.

எல்லாம் அவள் கணவர் வெள்ளியங்கிரியின் கால் விரல்களால் வந்தது. வலது காலில் இரண்டு விரல்களைச் சர்க்கரை கொண்டுபோயிருந்தது. மூன்று மாதத்துக்குள் சர்க்கரை இறங்கவில்லை என்றால் கணுக்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பம்பு மோட்டார் கம்பெனியில் முப்பத்தைந்து வருசம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால் அது. வீட்டுக்கு வந்ததும் வெள்ளியங்கிரி, "சோத்த நிறுத்தச் சொல்றாங்க" என்றார். கால் போவதைவிட அதுதான் அவரைப் பாதித்த மாதிரி இருந்தது.

முதல் வாரம் கோகிலவாணி எல்லாவற்றையும் சரியாக அளந்தும் சர்க்கரை இறங்கவே இல்லை. உணவு ஆலோசகர் நஸ்ரீன் திரையில் வந்து, அன்றைய பொரியலை எப்படிச் செய்தாள் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

"எண்ண காஞ்சதும் கடுகு, கறிவேப்பிலை. அப்பறம் வெங்காயம் வதக்கிட்டு, அளந்து வெச்ச காயப் போட்டேன்."

"வெங்காயம் எவ்வளவும்மா?"

"எப்பவும் போடறதுதான். ரெண்டு கை சின்ன வெங்காயம்."

"அதை அளந்தீங்களா?"

"வெங்காயத்தயா?" கோகிலவாணி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அது காய் இல்லீங்களே. தாளிக்கறதுதானுங்க."

நஸ்ரீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பொள்ளாச்சிப் பக்கத்தில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் இந்தத் தப்புத்தான் நடக்கிறது என்றாள். அன்றிலிருந்து வேளைக்கு ஐந்து வெங்காயம். ஐந்து வெங்காயத்தில் குழம்பு வைப்பது எப்படி என்று கோகிலவாணிக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வெங்காயத்தைக் குறைத்ததும் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. ஆனால் வெள்ளியங்கிரியால் முடியவில்லை. பத்தாம் நாள் கோகிலவாணி குளித்துவிட்டு வந்தபோது, அவர் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு பானையிலிருந்து வெறும் சோற்றைக் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார். குழம்புகூட இல்லை. அவளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அறுபத்திரண்டு வயது மனிதர் அப்படி நின்றதை அவளால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகுதான் நஸ்ரீன் வில்லைகளைக் கொடுத்தாள். பத்து ரூபாய்க் காசளவில் இரண்டு வில்லைகள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது. ஒன்று தருபவருக்கு, ஒன்று பெறுபவருக்கு.

"பசி வயித்துல இருக்கற மாதிரித்தான் தோணும்மா. ஆனா அது தலைக்குள்ள நடக்கற விஷயம். நீங்க சாப்பிடறப்ப ஒரு கட்டத்துல 'போதும்'னு வருதில்ல, அதையும் சோத்து ருசியையும் எடுத்து சாரோட தலைக்கு அனுப்பிடும். சார் திங்கறது கோஸா இருக்கும். தெரியறது சோறா இருக்கும். நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் வேலை செய்யும், போன் கூட இருந்தாப் போதும்."

"அப்ப எனக்கு?"

நஸ்ரீன் கொஞ்சம் தயங்கினாள். "அது ஒருத்தருக்குத்தாம்மா போகும். ரெண்டு பேருக்கும் பங்கு போட்டா ரெண்டும் மங்கிடுது. மதியம் ஒருவேளைதான், பரவாயில்லையா?"

கோகிலவாணி அவர் காலைப் பார்த்தாள். பரவாயில்லை என்றாள்.

"இன்னொண்ணும்மா. சாருக்குப் போதும்னு வரணும்னா அவர் வழக்கமா சாப்பிடற அளவு நீங்க சாப்பிடணும். முந்நூத்தம்பது கிராம் சோறு. அளந்து போட்டுக்கங்க."

கோகிலவாணி வழக்கமாகச் சாப்பிட்டது அதில் பாதிகூட இருக்காது. மெல்பர்னில் இருக்கும் மகனைக் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தாள். வெள்ளியங்கிரி ஒரேயடியாக மறுத்தார். "அவன் திங்கற ரொட்டி எனக்கெதுக்கு?"

ஆகவே மேடையில் இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்றில் அவருக்கு அளந்த காய். இன்னொன்றில் அவளுக்கு அளந்த சோறு. தராசு இரண்டுக்கும் "ஏற்கத்தக்கது" சொன்ன பிறகு, சரியாக ஒரு மணிக்கு இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். கல்யாணத்தன்று ஒரே பந்தியில் உட்கார்ந்ததோடு சரி. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். முதல் நாள் அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கூச்சம் போய்விட்டது. அவள் நன்றாக வைத்த பருப்பு, உருக்கிய நெய், சூடான சோறு. வாயில் எதுவும் இல்லை. ஊறிய காகிதத்தை மெல்வது போலிருந்தது. எதிரே வெள்ளியங்கிரி கோஸை மென்றுகொண்டு கண்ணை மூடினார். மூடிய இமையோரம் ஈரமாகியது.

"கோகிலா, இன்னுங்கொஞ்சம் நெய் ஊத்திக்க" என்றார்.

ஊற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் தட்டை அவர்தான் நடத்தினார். "பருப்பு போதும், ரசத்துக்குப் போ." "மெல்ல மென்னு, அவசரம் எதுக்கு?" "மோருக்கு அந்த மாங்கா ஊறுகாயச் சித்த கடிச்சுக்க." அவள் வாய், அவர் விருந்து. முந்நூற்றைம்பது கிராமும் உள்ளே போனதும் அவர் ஏப்பம் விட்டு, வேட்டியைத் தளர்த்திக்கொண்டு கட்டிலுக்குப் போவார். அவள் வயிறு கல்லாக இருக்கும். ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. மூன்று மணிக்கெல்லாம் பசிப்பது போலிருக்கும். வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு, டப்பாவில் இருக்கும் முறுக்கையோ மிஞ்சின இட்லியையோ தின்பாள். பாத்திரம் தேய்த்து, மறுநாள் காயை நறுக்கி, அளந்து, டப்பாவில் போட்டு, டப்பா மேல் கிழமை எழுதி ஒட்டி முடிக்கும்போது பொழுது போய்விடும். அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

"எத்தன நாளைக்குங்க இது?" என்று நாலாவது வாரம் ஒருநாள் கேட்டாள்.

"மூணு மாசம்னு சொல்லியிருக்குது அந்தப் புள்ள. பொறுத்துக்க" என்றார் அவர்.

பொறுத்துக்கொண்டாள். சர்க்கரை இறங்கியது. புண் ஆறிக்கொண்டு வந்தது. வாரா வாரம் அவர் கைப்பேசியில் எண்ணைப் பார்த்துவிட்டு அவளிடம் காட்டுவார். எண் குறைந்திருப்பதைப் பார்க்க அவளுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஒன்பதாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை தாராபுரத்திலிருந்து போன் வந்தது. கோகிலவாணியின் அண்ணன் சாமியப்பன் இறந்துவிட்டார். தோட்டத்தில் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

அவளுக்குக் கூடப் பிறந்தது அந்த ஒருவர்தான். அழுதுகொண்டே சேலை மாற்றினாள். கிளம்பும் முன் டப்பாவை எடுத்து வெளியே வைத்து, "சுரைக்காய், நூத்தி அம்பது கிராம். அளந்ததுதான். எண்ண விட்டு வதக்கினாப் போதும்" என்றாள். வெள்ளியங்கிரி வரவில்லை. கால் கட்டோடு அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாசல்வரை வந்தவர் அவளை நிறுத்தி, "வில்லைய எடுத்துட்டுப் போ, எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அவள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து அண்ணன் மகன் வந்து சேர வேண்டியிருந்ததால் நான்கு மணிக்குத்தான் எடுப்பதாக இருந்தது. அதுவரை வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பிணம் வாசலைத் தாண்டும்வரை மனைவியும் கூடப் பிறந்தவர்களும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் அது எழுதிவைக்காத சட்டம். அம்மா இறந்த அன்று அண்ணனும் அவளும் அப்படித்தான் சுவரோரம் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இன்று அவள் தனியாக, அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. எழுந்து வெளியே வந்தாள்.

"எடுத்தாச்சா?" என்றார் வெள்ளியங்கிரி.

"நாலு மணிக்குங்க."

அவர் தட்டைத் தள்ளிவைப்பது கேட்டது. பிறகு, "கையெல்லாம் நடுங்குது கோகிலா. கண்ணு மங்கறாப்ல இருக்குது. சுரைக்காயத் தின்னேன், எறங்கவே மாட்டேங்குது."

"முட்டை ரெண்டு வெச்சிருக்கறனுங்க."

"அதில்ல." குரல் இறங்கியது. "பானைய அடுப்புல ஏத்திருவனாட்டிருக்குது. பக்கத்து மெஸ்ஸுல சோறு வாங்கியாரலாமான்னு எந்திரிச்சுட்டேன். நீ ஒரு வாய் சாப்பிட்டீன்னா..."

"எழவு வூட்டுலீங்களா?"

மூச்சு மட்டும் கேட்டது. அவளுக்கு அந்த இரண்டு விரல் இல்லாத கால் நினைவுக்கு வந்தது. அடுப்பு மேடைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதும் நினைவுக்கு வந்தது.

முக்குக் கடையில் தயிர்சாதப் பொட்டலம் இருந்தது. எத்தனை கிராம் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. குறைந்துவிடக் கூடாதென்று இரண்டாக வாங்கி, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டாய்க்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். வில்லையை ஒட்டிக்கொண்டாள். வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே பிசைந்து, அழுதுகொண்டே தின்றாள். கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. என்ன தின்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவது பொட்டலத்தில் பாதி போனபோது யாரோ வருவது போலிருந்தது.

அண்ணன் மனைவியின் தங்கை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்திருந்தாள். கோகிலவாணியின் கையையும் வாயையும் பார்த்தாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"பசி தாங்கலீங்களா அக்கா?" என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரை அருகில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாலு மணிக்குள் அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைசியாக வாய்க்கரிசி போட அவள் எழுந்தபோது, பக்கத்தில் நின்ற பெண்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். அண்ணன் மனைவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற வில்லையைப் பற்றி அந்த வாசலில் எப்படிச் சொல்வது?

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து, தலை குளித்துவிட்டு உட்கார்ந்தாள். வெள்ளியங்கிரி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். யார் யார் வந்தார்கள், கொள்ளி யார் வைத்தது என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, "அந்தத் தயிர்ச் சோறு எங்க வாங்கினது?" என்றார்.

"முக்குக் கடையில."

"உப்பு எச்சு. வாயெல்லாம் கரிச்சுது."

கோகிலவாணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிஜமாகவே கடைக்காரனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய் மறுநாள் காயை அளக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் நஸ்ரீன் அவளுக்கு நேராகப் போன் செய்தாள். தருபவர்களுக்கும் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், சாரோடு வாருங்கள் என்றாள். "நீ எதுக்கு அலையணும், நான் சொல்லிக்கறேன்" என்றார் வெள்ளியங்கிரி. அவள் கிளம்பிவிட்டாள்.

நஸ்ரீன் முதலில் அவர் எண்களைப் பார்த்துக் கைதட்டாத குறையாகப் பாராட்டினாள். கால் தப்பித்துவிட்டது என்றாள். கோகிலவாணிக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, எடை மேடையிலும் ஏற்றிய நஸ்ரீனின் முகம் மாறியது.

"ஏழு கிலோ ஏறியிருக்கீங்கம்மா. சர்க்கரையும் எல்லைக்கு வந்திருச்சு. இந்த ஒரு மாசமா என்ன சாப்பிடறீங்க?"

"அதே முந்நூத்தம்பது கிராம்தானுங்க. அவருக்கு அனுப்பணுமில்ல."

"அனுப்பறீங்களா?" நஸ்ரீன் திரையைத் திருப்பிப் பார்த்தாள். "வில்லைய ஆறாவது வாரமே கழட்டியாச்சுன்னு சார் குறிச்சிருக்காரே. ஆறு வாரத்துல உடம்பு பழகிடும், அதுக்கு மேல தேவையில்ல, தருபவருக்குக் கெடுதல்னு நானே அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேனேம்மா."

வெள்ளியங்கிரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் குறைந்த அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஓட்டுநர் இல்லாத ஆட்டோவில் இருவரும் ஏறினார்கள். அது தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. மார்க்கெட் ரோட்டையும் சொல்லிவிட்டது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர். "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... சோறு அப்படி ஒட்டிக்குச்சு கோகிலா. அது ஒண்ணுதான் இருந்துச்சு எனக்கு."

"எங்கண்ணன் செத்தன்னைக்குச் சொல்லியிருக்கலாமுங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அவளிடம் சத்தம் போட ஏதும் மிச்சமில்லை. வீடு வந்துவிட்டதாக ஆட்டோ சொன்னது.

மறுநாள் கோகிலவாணி பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்னக் கிண்ணம் அரிசி போட்டாள். தராசுப் பக்கம் போகவில்லை. அவருக்கான பீன்ஸை மட்டும் பழக்கதோசத்தில் அளந்து வதக்கி, தட்டில் வைத்து மூடினாள். பிறகு பருப்பைக் கடைந்து, நெய்யை உருக்கி, சோறு ஆவி பறக்கும்போதே தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சாப்பிடும் முன்பே அவள் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.

நெய் வாசம் வந்தது. பருப்பில் சீரகம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பத்து வாரமாகத் தான் என்ன சமைத்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு இந்தப் பருப்புப் பிடிக்கும் என்ற நினைப்பு வந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தின்றாள். தட்டில் பாதி இருக்கும்போதே "போதும்" என்று வந்தது. அது வந்ததும் கையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் அனுப்பாமல் அதை அவளே வைத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு வெள்ளியங்கிரி வந்தார். அவர் காதுக்குப் பின்னால் வில்லை ஒட்டியிருந்தது. அவள் காதைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டனுங்க."

உட்கார்ந்தார். மூடியை எடுத்து பீன்ஸைப் பார்த்தார். மீதிச் சோறு பானையில் திறந்தபடி இருவருக்கும் நடுவில் இருந்தது. அவள் அதை எடுத்து ஒளித்துவைக்கவில்லை. அவரும் அந்தப் பக்கம் கையை நீட்டவில்லை. இரண்டு வாய் மென்றார். பீன்ஸ் பீன்ஸாகவே இருந்திருக்க வேண்டும். மெதுவாக வில்லையைப் பிய்த்து மேசையில் வைத்தார்.

"பருப்பா?"

"ஆமாங்க."

தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

முப்பத்திரண்டு வருசத்தில் அவர் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சீரகத்தைப் பற்றிச் சொல்லலாம், நெய்யைப் பற்றிச் சொல்லலாம். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. கோகிலவாணி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பீன்ஸ் ஆறுதுங்க, சாப்பிடுங்க" என்றாள்.